மருதாணி வைத்த ஏழு குஞ்சுகள்

தியாகதுருகம்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ சாப்பாடு முடிந்து

அன்பு மகன் தௌசிப்புக்கு அம்மா அஸ்ரப் நிஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உன் அத்தா, நான், உன் பெண்டாட்டி ஷாஜியா மூன்று பேரும் சுகம், நாலு பெட்டைக் கோழியும் ஒரு சேவலும் சுகம், ஏழு குஞ்சுகளும் இப்போது சுகம். அந்த ‘இப்போது’ என்ற ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பக்கம் எழுதப் போகிறேன். நீ கத்தாரில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன், ஆனால் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நீ சொல்வதை நம்புவதற்கு நான் என்ன உன்னைப் பெறாதவளா. போன வாரம் வீடியோவில் கன்னம் ஒட்டிப்போய் இருந்தாய், கேட்டால் கேமரா அப்படிக் காட்டுகிறது என்றாய். அதே கேமராவில் பின்னால் நின்ற உன் ரூம்காரன் மட்டும் எப்படிப் பூசினாற்போல் இருந்தான் என்று எனக்குப் புரியவில்லை. அத்தாவுக்கு முட்டிவலி முன்னைவிடக் கம்மி, ஆனால் பாத்திரக் கடையில் கஸ்டமர் வந்தால் மட்டும்தான் கம்மி, நான் தண்ணீர்க் குடத்தை எடுக்கச் சொன்னால் உடனே ஜாஸ்தியாகிவிடுகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று அத்தா கேட்டார். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், நான் கோபித்துக்கொண்டு வைத்துவிடுவேன், அப்புறம் ஒரு வாரத்துக்கு என்ன குழம்பு என்பதைத் தவிர வேறு எதுவும் பேச மாட்டோம். மேலத்தெரு அப்சல் லீவு முடிந்து திங்கட்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் பெட்டியில் இதையும் போட்டு அனுப்புகிறேன். ஐந்து வாரத்துக்கு முன் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நீ வர இன்னும் இரண்டு வருஷம் ஆகும், அதுவரை ஷாஜியா நைனார்பாளையத்தில் அவள் அம்மா வீட்டில் போய் இருக்கட்டுமா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதன் பிறகு நாலு தடவை கேட்டாய், நாலு தடவையும் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது, அதை மட்டும் முதலில் தேடிப் படிக்காதே, சின்ன வயதில் பிரியாணியில் கறியை மட்டும் பொறுக்கித் தின்ற பிள்ளை நீ, இதையாவது வரிசையாகப் படி.

நம் கொல்லைக் கோழிகளை உனக்கு மறந்திருக்காது. கருப்பிதான் இன்னும் பெரிய மனுஷி, ஐந்து வயதாகிறது, அவள் தின்று முடித்து அலகைத் தரையில் தேய்த்த பிறகுதான் மற்ற மூன்றும் தட்டுப்பக்கம் போகும். உன் கணுக்காலைக் கொத்தி உன்னைக் கல்யாணத்துக்கு முதல் நாள் நொண்ட வைத்தவள் அவள்தான். சேவலுக்கு நான் வைத்த பெயர் முதலாளி, உன் அத்தா கடைக்குள் நடப்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் நடப்பதால் வைத்த பெயர், அத்தாவுக்கு இன்றுவரை காரணம் தெரியாது, நீயும் உளறிவிடாதே. இந்த ஐந்தும் அத்தா பாத்திரம் வந்த மரப்பெட்டிகளை உடைத்துச் செய்த கூண்டில் காலம் தள்ளிக்கொண்டு சிவனே என்று இருந்தன. நானும் அப்படித்தான் இருந்தேன்.

நீ புறப்பட்டுப் போய் இரண்டு மாதம் ஆனபோது ஒரு நாள் நான் கடைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வருகிறேன், வாசலில் பச்சமுத்து நிற்கிறான். கல்வராயன் மலையிலிருந்து தேனும் கடுக்காயும் பைக்கில் கட்டிக்கொண்டு வருவானே, அவன்தான், இந்த முறை கூடையில் கோழிக்குஞ்சு கொண்டுவந்திருந்தான். மலைக்கோழிக் குஞ்சு, ஒரு மாதம் ஆனது, வெளுப்பும் சாம்பலுமாக ஏழு. தாய்க்கோழியைக் கீரி பிடித்துவிட்டதாம். என் மருமகள் ஏழையும் துப்பட்டாவில் வாங்கி நடு ஹாலில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏம்மா என்றேன், பொழுது போவல மாமி என்றாள். எனக்குச் சுர்ரென்றது. குஞ்சு வாங்கியதற்காக இல்லை, கேட்காமல் வாங்கியதற்காக. உன் குஞ்சு, நீயே பாத்துக்க, எங்க கோழிங்ககிட்ட வுடாத என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவளும் சரி மாமி என்றாள். அவள் என்னிடம் பேசுவதே அந்த இரண்டு வார்த்தைதான், சரி மாமி. கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் அதுவும் வராது. முதல் வாரமே அவள் சீர்ப் பாத்திர மூட்டையைப் பரணில் ஏற்றச் சொன்னேன், சரி மாமி. இந்த டம்ளர் உனக்கு என்றேன், சரி மாமி. பிள்ளை அடக்கமானவள் என்று ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

பின்னறையில் ஒரு அட்டைப்பெட்டி வைத்து, அதன்மேல் ஒரு குண்டு பல்பு தொங்கவிட்டு, மூன்று வாரம் அந்தக் குஞ்சுகளை வளர்த்தாள். அந்த அறையில் இருந்து கேட்ட பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும். என்னிடம் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை, குஞ்சுகளிடம் பத்தாயிரம். ஒவ்வொன்றுக்கும் பெயர் வேறு. தட்டில் தலையை வைத்தபடியே தூங்கிவிடும் ஒரு சாம்பல் குஞ்சு இருக்கிறது, அதற்கு என்ன பெயர் தெரியுமா, தௌசிப். எழுந்திருடா தௌசிப், சாப்புட்டுத் தூங்குடா தௌசிப் என்று அவள் சொல்வதைக் கேட்டு உன் அத்தா ஒரு நாள் நீதான் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாய் என்று எழுந்து ஓடினார், முட்டிவலியெல்லாம் எங்கே போனதோ.

இனிமேல்தான் நான் செய்த கூத்து வருகிறது, சிரிக்காமல் படி. குஞ்சுகள் புறா அளவுக்கு வளர்ந்ததும் பெட்டியில் அடைந்து நாற ஆரம்பித்தன. சரி, கொல்லையில் விடலாம் என்று நானாகவே முடிவு செய்தேன். ஆனால் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியும் அதே பச்சமுத்துவிடம் அதே ஜாதிக் குஞ்சு வாங்கியிருந்தாள். வேலி ஓட்டை, இது அங்கே போகும், அது இங்கே வரும், நாளைக்குச் சண்டை வரும். குஞ்சுக்கு அடையாளம் வைப்பது நம் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான், காலில் நூல் கட்டுவார்கள், இறக்கையில் மை தடவுவார்கள். வீட்டில் முதல் நாள் அரைத்த மருதாணி ஒரு கொட்டாங்கச்சி நிறைய மீதி இருந்தது. ராத்திரி ஷாஜியா தூங்கின பிறகு ஏழு குஞ்சுக்கும் உச்சந்தலையிலும் வாலடியிலும் அப்பி, பெட்டியில் விட்டேன். காலையில் அவள் எழுந்திருக்கும் முன் தட்டிவிட்டுப் பார்த்தால் வெளுத்த இறகில் மருதாணி என்னமாய்ப் பிடித்திருந்தது தெரியுமா, செக்கச்செவேலென்று, ஏழும் நிக்காஹுக்குப் புறப்பட்ட மணப்பெண் மாதிரி இருந்தன. எனக்கு அத்தனை பெருமை. அப்படியே கூடையில் அள்ளிப்போய், கோழிகள் பசியோடு நிற்கிற நேரம் பார்த்து, ஒரே தட்டில் மக்காச்சோளக் குருணையைப் போட்டு, நடுவில் கொட்டிவிட்டேன்.

கருப்பி தட்டைப் பார்க்கவே இல்லை. கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் அந்தச் சிவப்புத் தலைகளைப் பார்த்தாள், அவ்வளவுதான், வந்து ஒரே கொத்து. மற்ற மூன்றும் அவள் பின்னாலேயே பாய்ந்தன. முதலாளி வழக்கம்போலக் கூரைமேல் ஏறி நின்று கூவிக்கொண்டிருந்தான். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இங்கே விரட்டினால் அங்கே கொத்துகிறது. ரத்தம் வந்த குஞ்சை இன்னும் ஜாஸ்தியாகக் கொத்தின. அந்தச் சாம்பல் குஞ்சு, உன் பெயர்க்காரன், அதன் உச்சந்தலைத் தோலே கிழிந்துவிட்டது. சத்தம் கேட்டு ஷாஜியா செருப்புகூட இல்லாமல் ஓடிவந்து கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துப்பட்டாவில் அள்ளினாள், அவள் கையிலும் நாலு கொத்து. என்னைத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். இதுங்களுக்கு எதுக்கு மாமி அடையாளம் வெச்சீங்க என்றாள். பதற்றத்தில் நானும் யோசிக்காமல், மத்ததோட கலந்துடக் கூடாதுன்னுதான் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம் அவள் அம்மாவிடம் போனில் வெகுநேரம் பேசினாள், மறுநாள் நீ என்னைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாய். உன் கேள்வி எங்கே முட்டையிட்டது என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா.

மறுநாள் காலை சின்னப்பொண்ணு வந்தாள். கடையில் பாத்திரம் தேய்க்க வருகிறவள்தான், வயல் வேலை இல்லாத நாளில் வீட்டுக்கும் வருவாள், என் வயதுதான் இருக்கும், கோழி வளர்த்தே மூன்று பெண்ணைக் கரையேற்றியவள். நடந்ததைச் சொன்னதும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். இன்னா பாயம்மா, கோழிக்கு செவப்பு கண்ணுல பட்டா வுடுமா, ரத்தம்னு நெனச்சிக்கினு கொத்தியே கொன்னுடுமே, இது தெரியாதா ஒனக்கு என்றாள். பாப்பாத்தி வீட்டுக் குஞ்சோட கலந்துடக் கூடாதுன்னு வெச்சேன் என்றேன். அதற்கு அவள், பாப்பாத்தி குஞ்சோட கலக்கக் கூடாதுன்னு சொல்றே, செரி, ஒங்கோழியோட கலக்கத்தான வுட்ட, அதுங்க மத்தியில இதுங்கள மட்டும் தனியாத் தெரியற மாரி பண்ணி வுட்டா அதுங்க இன்னா பண்ணும், நீதான் எங்களுதுல்ல இதுன்னு சொல்லிட்டியே என்றாள். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பெருக்கப் போய்விட்டாள். கையில் இருந்த காபியை அப்படியே கீழே வைத்தேன். பரணில் இருக்கிற மூட்டைதான் நினைவுக்கு வந்தது. நைனார்பாளையத்தார் அவளுக்குக் கொடுத்த பாத்திரம் அத்தனையிலும் ஷாஜியா என்று பெயர் வெட்டியிருந்தது, உன் அத்தாவே தன் மெஷினில் வெட்டினது, முத்துமுத்தாக. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் அவள் அதைப் பிரிக்கப் போனபோது, ஒஞ்சாமான் ஒன்னோடதாவே இருக்கட்டும், எங்களோடதோட கலக்க வேணாம் என்று சொன்னவள் நான். நாளைக்கு நீங்கள் தனிக்குடித்தனம் போனால் புதுசாக இருக்குமே என்ற நல்ல எண்ணம்தான், சத்தியமாக. ஆனால் அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும். அன்றைக்கே ஏணி போட்டு இறக்கியிருக்க வேண்டும், செய்யவில்லை, ரோஷம் விடவில்லை. உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியாததா.

ஷாஜியா என்னிடம் ஒரு வாக்கு மட்டும் சொன்னாள். குஞ்சுங்க ஏழும் கொத்துப்படாம பெரிய கோழிங்க கூண்டுல அடையற வரைக்கும் இருந்துட்டு அம்மா வூட்டுக்குப் போறேன் மாமி என்று. பிறகு சின்னப்பொண்ணும் அவளுமாக வேலையை ஆரம்பித்தார்கள். காயத்துக்கு மஞ்சள் வைத்தார்கள். மருதாணி தெரியாமல் இருக்க அடுப்புக்கரியை வேப்பெண்ணெயில் குழைத்து ஏழு தலையிலும் பூசினார்கள். அத்தா அதைப் பார்த்துவிட்டு, கரி பூச வேண்டியது குஞ்சுங்களுக்கு இல்ல, ஒங்க மாமிக்கு என்றார், கல்யாணமாகி வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் உன் பெண்டாட்டி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன், அதனால் அவரை மன்னித்துவிட்டேன். கடையிலிருந்து கம்பிக்கூடை நாலு கொண்டுவந்து கூண்டுக்குப் பக்கத்திலேயே கட்டி, குஞ்சுகளை அதற்குள் விட்டார்கள். அவை கோழிகளைப் பார்க்கலாம், கோழிகள் அவற்றைப் பார்க்கலாம், யாரும் யாரையும் தொட முடியாது. இப்படி மூன்று வாரம். முதல் வாரம் கருப்பி கம்பியை ஓயாமல் கொத்தினாள், இரண்டாம் வாரம் போகிறபோக்கில் ஒரு கொத்து, மூன்றாம் வாரம் கம்பிப்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு மண்குளியல். அப்புறம்தான் திறந்துவிட்டார்கள், தீனித்தட்டும் தண்ணீரும் இரண்டிரண்டு இடத்தில் வைத்து, ஒன்றைக் காவல் காத்தால் இன்னொன்றில் தின்னட்டும் என்று. கோழி கவிழ்க்கும் பஞ்சாரக் கூடையை மூன்று செங்கல்மேல் தூக்கிக் கவிழ்த்துவைத்தார்கள், விரட்டினால் குஞ்சுகள் அதற்கடியில் நுழைந்துகொள்ளும், பெரிய கோழி நுழைய முடியாது. இதையெல்லாம் நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன், என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

அப்படியும் கருப்பி மட்டும் அடங்கவில்லை, பஞ்சாரத்துக்கு வெளியே காவல் நிற்பாள், எட்டிப் பார்த்த தலையைக் கொத்துவாள். சின்னப்பொண்ணு, இவள மூணு நாளு வேற எடத்துல அடைச்சி வெய்யி, திரும்பி வரும்போது இவளே புதுசா வந்தவ மாரி ஆயிடுவா என்றாள். அத்தா கருப்பியைச் சாக்கில் போட்டுக் கடை குடோனுக்குக் கொண்டுபோனார். அதே நாள்தான் ரிஷிவந்தியத்திலிருந்து உன் அக்கா ஜெபீனா போன் செய்து, குழந்தைக்குக் காய்ச்சல், வாங்கம்மா என்றாள், நானும் மூன்று நாள் அங்கே போய்விட்டேன். அது தற்செயலாக நடந்தது என்று உன் அத்தா குரான்மேல் சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறார், எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. நாலாம் நாள் நான் திரும்பும் வழியில் அத்தா கடை வாசலில் ஆட்டோவை நிறுத்திச் சாக்கையும் ஏற்றிவிட, கருப்பியும் நானும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினோம். அவள் சாக்கிலிருந்து வெளியே வந்து திருதிருவென்று முழித்தாள், தட்டுப்பக்கம் மற்றவர்கள் தின்றுகொண்டிருந்தார்கள், யாரும் இவளுக்கு வழிவிடவில்லை, போய் ஓரமாக நின்றாள். நான் அடுப்படிக்குப் போனால் உப்பு டப்பா இருந்த இடத்தில் இல்லை. மிளகாய்த்தூள் மேல் தட்டில், டீத்தூள் கீழ்த் தட்டில். சத்தம் போட வாயைத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே கருப்பி ஓரமாக நிற்பது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். அன்று ஷாஜியா வைத்த மீன்குழம்பு நான் வைப்பதைவிட நன்றாக இருந்தது, இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே, நானே சொல்வேன்.

இனி எழுதப் போவது உன் அத்தாவுக்குக்கூடத் தெரியாது. கருப்பி அடங்கிய பிறகு குஞ்சுகள் வேகமாகப் பழகிவிட்டன. ஏழும் கூண்டில் அடைந்துவிட்டால் இவள் போய்விடுவாளே. நீ போன பிறகு இந்த வீடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, அத்தா கடைக்குப் போனால் கடிகாரச் சத்தமும் நானும்தான். அவள் என்னிடம் பேசாவிட்டால் என்ன, பின்னறையிலோ கொல்லையிலோ எழுந்திருடா தௌசிப் என்று ஒரு குரலாவது கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குரல் போய்விடும் என்று நினைத்தபோதுதான் அது எனக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது. தொழுகைப் பாயில் உட்கார்ந்து, யா அல்லாஹ், கருப்பிக்குக் கொஞ்சம் கோபத்தைக் கொடு என்று கேட்டிருக்கிறேன், இப்படி ஒரு துஆவை யாராவது கேட்டிருப்பார்களா. கருப்பிக்குக் கோபம் வரவில்லை. போன சனிக்கிழமை பொழுது சாய, மக்ரிப்புக்கு முன் ஏழு குஞ்சும் வரிசையாகப் பலகையில் ஏறிப் பெரிய கூண்டுக்குள் போய்விட்டன. ஷாஜியா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் கதவைத் திறந்து, தூங்குமூஞ்சித் தௌசிப்பை மட்டும் வெளியே எடுத்து, பழையபடி கம்பிக்கூடையில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். அவள் வந்து எண்ணினாள். ஒண்ணு இன்னும் பழகல மாமி என்றாள். அப்படியா என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த வண்டியை அடுத்த வாரத்துக்குத் தள்ளச் சொல்லி அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். அன்று நான் குடித்த டீ மாதிரி ருசியான டீ இந்த வருஷத்திலேயே குடித்ததில்லை.

ஞாயிறும் அப்படியே செய்தேன். திங்களும் செய்தேன். செவ்வாய்க்கிழமை கூண்டுக்குள் கையை விட்டுத் தடவினால், அது கருப்பியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு தூங்குகிறது, தலைக்காயம் ஆறி அந்த இடத்தில் புதுசாக இறகு முளைத்திருக்கிறது, கருப்பி ஒன்றும் சொல்லாமல் படுத்திருக்கிறாள். மனசே இல்லாமல்தான் அதைத் தூக்கினேன். திரும்பினால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஷாஜியா நிற்கிறாள். அது உள்ளதான இருந்துச்சு, ஏன் மாமி வெளிய எடுத்தீங்க என்றாள். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அது உள்ள போயிட்டா நீ போயிடுவியேம்மா என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது, கையில் அந்தக் குஞ்சு வேறு, கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. அவள் வந்து குஞ்சை வாங்கிக் கருப்பிக்குப் பக்கத்தில் விட்டுக் கதவைச் சாத்தினாள். அப்புறம் சொன்னாள், சனிக்கெழமையே பாத்துட்டேன் மாமி. அப்பறமும் ஏன் ஒங்கம்மாகிட்ட பழகலன்னு சொன்ன என்று கேட்டேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள், தன் துப்பட்டாவால் இல்லை, என் முந்தானையால்தான். இங்க நான் விருந்தாளி மாரியே இருக்கேன் மாமி, அதான் போறேன்னேன், வேற ஒண்ணும் இல்ல என்றாள். என் மருமகளுக்கு இத்தனை வார்த்தை ஒரே மூச்சில் பேச வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

புதன்கிழமை காலை பரணுக்கு ஏணி போட்டோம். அத்தா நான் ஏறுகிறேன் என்று வீரம் பேசி இரண்டாம் படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டார், ஷாஜியாதான் ஏறினாள். குண்டான், சொம்பு, தட்டு, டம்ளர், டப்பா எல்லாவற்றையும் சின்னப்பொண்ணு புளி போட்டுத் தேய்த்தாள், தேய்த்ததும் நான் ஒரு தட்டு என்னுடையது, ஒரு தட்டு அவளுடையது என்று மாற்றி மாற்றி அலமாரியில் அடுக்கினேன். இப்போது எந்த டம்ளர் யாருடையது என்று எழுத்தைப் பார்த்தால்தான் தெரியும், எனக்குக் கண்ணாடி போடாமல் எழுத்து தெரியாது.

சரி, உன் கேள்விக்குப் பதில். ஷாஜியா நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டுக்குப் போகிறாள். பத்து நாள் என்று அவளேதான் சொல்லியிருக்கிறாள், தினமும் மக்ரிப் நேரத்தில் கூண்டில் ஏழு இருக்கிறதா என்று எண்ணிப் போனில் சொல்ல வேண்டும் என்று எனக்கு உத்தரவு. பத்து நாளில் வருவாளா, அங்கே போனதும் மனசு மாறுமா என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைக்கவில்லை. ஆனாலும் நீ அவளிடம் அங்கே இரு என்றும் சொல்லாதே, இங்கே வா என்றும் சொல்லாதே. அவள் எங்கே இருக்க வேண்டும் என்று நீயும் நானும் போனில் பேசிப் பேசித்தான் இவ்வளவு தூரம் வந்தது, இனி அவளே முடிவு செய்யட்டும். அவள் அம்மாவுக்குக் கொண்டுபோக நெய்ச்சோறும் கறியும் செய்து தருகிறேன், எதில் எடுத்துப் போகிறாய் என்று கேட்டேன், அலமாரியில் அவள் பெயர் போட்ட புதுத் தூக்குவாளி இருக்கும்போது அதை விட்டுவிட்டு, அஸ்ரப் நிஷா என்று பெயர் வெட்டின என்னுடைய நசுங்கின தூக்குவாளியை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். இன்று மதியம் எங்கள் வீட்டுச் சோறு அவள் குண்டானில் வெந்தது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல உடம்பையும் ஹலாலான பரக்கத்தையும் தரட்டும், கூட இருக்கிறவர்களுக்கும் தரட்டும். தலைக்கு எண்ணெய் வை, வெயிலில் வெறும் தலையோடு நிற்காதே, ராத்திரியில் பிரெட்டைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லாதே. உன் பெயர் வைத்த குஞ்சு சேவல் இல்லையாம், பெட்டையாம், சின்னப்பொண்ணு கொண்டையைப் பார்த்துச் சொல்லிவிட்டாள், ஷாஜியா பெயரை மாற்ற மாட்டேன் என்கிறாள், நீ வரும்போது தௌசிப் முட்டையிட்டிருக்கும். அத்தா சலாம் சொல்லச் சொன்னார்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. அப்சலிடம் அதிரசம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். டப்பாவின் அடியில் ஷாஜியா என்று பெயர் இருக்கும், அவளே தேடி எடுத்துக் கொடுத்தது. அதை ரூமில் யாருக்கும் கொடுத்துவிடாதே, யார் கையிலும் திருப்பி அனுப்பாதே. நீயே கொண்டுவந்து அலமாரியில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கருப்பியோடு ஒரே ஆட்டோவில் வந்து இறங்கிய
உன் அம்மா அஸ்ரப் நிஷா